ஐந்தாவது தட்டு

இமாபாரி
ஜூன் 4

மகா கனம் பொருந்திய மருமகள் சயோரிக்கு,

மழைக்காலம் பிறந்துவிட்டது. துண்டு நெய்யும் எங்கள் தொழிற்கூடத்தின் தகரக் கூரையில் விழும் துளி ஒவ்வொன்றும் தர்பூசணி அளவு இருக்கிறது. வாசலில் நீலப் பூக்கள் பூத்துவிட்டன. நத்தைகள் குடை கேட்டு வரிசையில் நிற்கின்றன. இப்பருவத்தில் தங்கள் தொண்டை நலமா, முழங்கால் நலமா, என்மீது தாங்கள் வளர்த்து வரும் கோபம் நலமா?

கைப்பேசியில் என் எண்ணை நீ தடுத்துப் பதினோரு நாள் ஆகிறது. தினம் நாற்பது முறை அழைக்கிறேன். "தொடர்பு கொள்ள இயலாது" என்று சொல்லும் அந்தப் பெண்குரலுக்கும் எனக்கும் இப்போது நல்ல பழக்கம். நேற்று அவளிடம் ஒசாகாவில் மழையா என்று விசாரித்தேன். ஆனால் தபால்காரரைத் தடுக்கும் பொத்தானை இந்த நாட்டில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனவே கடிதம்.

உன் அம்மாவிடம் முறையிட்டேன். என் சொந்த அக்கா, என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், என்ன சொன்னாள் தெரியுமா? "நீயே கெடுத்தே, நீயே சரி பண்ணுடா, தொகு. என்னை நடுவுல இழுக்காதே." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

நான் என்ன கெடுத்தேன்? வழக்கை நானே எடுத்து வைக்கிறேன், நீயே நீதிபதியாக இரு.

மே 24. ஒசாகா அரங்கம். "தெற்கு வாசல்" குழுவின் புதிய பாட்டு முதன்முதலாக மேடை ஏறும் நாள். ரயில் நிலையத்துத் தெற்கு வாசலில் வெறுங்காலோடு பாடத் தொடங்கிய ஐந்து பெண்கள், இன்று அறுநூறு பேர் கொள்ளும் அரங்கில். கடந்த குளிர்காலத்தில் அய்தா மிசுஹோ விடைபெற்றுப் போனாள். ஆறு வருடம் நடுவில் நின்ற நட்சத்திரம். அவள் நின்ற இடத்தில், முதல்முறையாக, என் மருமகள். இமாபாரியிலிருந்து ஐந்து மணி நேரப் பேருந்தில், நானே நெய்த அறுநூறு கழுத்துத் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் இருப்பதே தெரியாமல் கோபே வரை துண்டுகளோடு பேசிக்கொண்டு வந்தார்.

பாட்டைப் பற்றி என் கருத்து: இத்தனை காலமும் நீங்கள் பாடியது சர்க்கரைப் பாகு. இது கிட்டார். முதல் இழுப்பிலேயே என் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளி ஆட்டம் கண்டது. டிரம் அடித்தவனுக்கும் அந்த டிரம்முக்கும் முன்ஜென்மப் பகை இருக்க வேண்டும். அப்படி இடி இடித்துக்கொண்டிருந்த பாட்டு, நடுவில், திடீரென்று நின்றது. நான்கு தாளத் தட்டு நேரம் சத்தமே இல்லை. வெளிச்சம் உன் ஒருத்தி மேல்.

நான் முப்பது வருட ரசிகன். இம்மாதிரிக் குழுக்களின் பாட்டில் எங்கே இடைவெளி விட்டாலும் அது ரசிகன் கத்துவதற்காக விட்டது என்பது பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். பாட்டின் பெயரோ ஒற்றைச் சித்திர எழுத்து, வாசல் வடிவத்துக்குள் ஒரு சூரியன். உச்சரிப்பு "அய்தா". போனவளின் பெயரும் அய்தா. போனவளுக்கு விடை கொடுக்கும் பாட்டு! கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று "அய்தா!" என்று ஒரு குரல் கொடுத்தேன். இரண்டாம் முறை பாட்டு நின்றபோது அறுநூறு தொண்டையும் என்னோடு சேர்ந்தது. ஒசாகாக் கோட்டை மதிலில் ஒரு கல் நகர்ந்ததாகக் கேள்வி.

இதில் என் குற்றம் எது?

தலை தாழ்த்தி,
நாற்பத்திரண்டு தறிகளின் அதிபதி,
உன் மாமா ஓச்சி தொகுசாபுரோ


ஒசாகா
ஜூன் 11

மாமா,

பருவ விசாரிப்புகளைத் தவிர்த்துவிடுகிறேன்.

அந்த எழுத்துக்கு இரண்டு உச்சரிப்பு. "அய்தா" என்றால் இடைவெளி. "மா" என்றால் நிறுத்தம், ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் விடும் மூச்சு. பாட்டின் பெயர் "மா". மார்ச் மாதமே போன் செய்து உங்களிடம் சொன்னேன்.

துண்டுக்காக நாங்கள் அனுப்பிய படத்தில் அந்த ஓர் எழுத்து மட்டும்தான் இருந்தது. நீங்கள் கீழ் மூலையில் குட்டி எழுத்தில் "அய்தா" என்று உச்சரிப்பையும் நெய்திருந்தீர்கள். யார் கேட்டது? நிகழ்ச்சியன்று காலைதான் பெட்டியைப் பிரித்தோம். மாற்ற நேரமில்லை. வாசலில் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டார்கள். உங்களோடு அறுநூறு பேர் சேர்ந்து கத்தியது பாசத்தால் அல்ல. கழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்கள்.

அந்த நான்கு தட்டுக்காக நான் இரண்டு மாதம் சண்டை போட்டேன். பாட்டு எழுதியவர் அங்கே கிட்டார் வேண்டும் என்றார். நடன ஆசிரியை ஒரு சுழற்சி வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம், நான் சும்மா நிற்கிறேன் என்று சொல்லி வாங்கினேன். சும்மா நின்றேன். என் மாமா வேறு ஒருத்தியின் பெயரைக் கத்தினார்.

மறுநாள் மேனேஜர் ஹாசுனுமா கூப்பிட்டார். "கூட்டம் யாரைக் கூப்பிடுதோ அவங்கதான் நடுவுல நிக்கணும், சயோரி. அய்தா வரமாட்டா, அவ இப்போ பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிறா. அதனால வேற யாராவது. ஜூலை பத்தொன்பது கோபேல ஒரு வாய்ப்பு. அங்கேயும் அந்தப் பேர் கேட்டுச்சுன்னா, அந்த இடத்துல டிரம் போட்டு நிரப்பிடுவேன். உன் பக்கத்துல ஆடற ரெய்கா நடுவுல நிப்பா." கோபமாகச் சொல்லவில்லை. சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரம்.

ஆகவே கோபேதான் கடைசி. உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது இவ்வளவுதான்.

அவசரமாக,
சயோரி


இமாபாரி
ஜூன் 15

சயோரிக்கு,

மழை வலுத்துவிட்டது. குருஷிமா நீரிணையில் மீன்கள் நனையாமல் இருக்கப் பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்கின்றன.

முதலில் ஒப்புதல் வாக்குமூலம். நீ மார்ச்சில் அழைத்தது உண்மை. அப்போது நாற்பத்திரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என் காதில் விழுந்தது "பாட்டோட பேரு மா" என்பதுதான். நீ "மாமா" என்று சொல்ல வந்து, பாதியில் சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போதே உன் அத்தையிடம் சொன்னேன்: "பாரு தொமிகோ, மாமான்னு முழுசா கூப்பிடக்கூட அந்தப் பிள்ளைக்கு நேரமில்லை, அவ்வளவு வேலை." பெருமைப்பட்டேன், சயோரி. பெருமையில்தான் மூலையில் உச்சரிப்பையும் நெய்தேன். கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் வருவார்கள், படிக்கச் சிரமப்படக் கூடாதே என்று. என் கருணையே எனக்கு எதிரியானது.

இரண்டாவதாக, பாட்டுக்கு மக்கள் ஆதரவு இருக்கிறது என்பதை நிறுவ, தொழிற்கூடத்தில் ஒலிபெருக்கியில் அதை எழுபது முறை போட்டுக் கருத்துக் கணிப்பு நடத்தினேன். முடிவுகள்:

உன் அத்தை தொமிகோ: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்தக் கிட்டார் பையனுக்கு யாராச்சும் சோறு போடுங்க, பசியில கத்தறான்."

தறி பழுதுபார்க்கும் யோரிமித்சு, அறுபத்தெட்டு வயது, இசையின் பரம வைரி: "அந்த டிரம்முல எங்கியோ ஒரு போல்ட் லூசு. ரெண்டாவது தடவை நிக்கறதுக்கு முன்னாடி கேளு, கிணுகிணுங்குது. ஆனா நிக்குது பாரு, பிரேக் போட்ட மாதிரி, அது நல்ல தறி."

ஒசாகா ரசிகர்களின் தலைவர் செரா, டாக்ஸி ஓட்டுபவர், உங்கள் நிகழ்ச்சி ஒன்றைக்கூடத் தவறவிடாதவர், போனில்: "ஓச்சி சார், சயோரி பொண்ணு குரல்ல அடியில ஒரு கரகரப்பு இருக்கே, அது அய்தாகிட்ட கிடையாது. இந்தப் பாட்டுக்கு அந்தக் கரகரப்புதான் உயிர். ஆனா என்ன செய்ய, பாட்டு நின்னா வாய் தானா திறக்குது. ஆறு வருஷப் பழக்கம் சார்."

ஆகவே என் திட்டம் கேள். கோபேயில் நான்கு தட்டிலும் "சயோரி!" என்று கத்துவோம். நானும் செராவும் முன்வரிசை. யோரிமித்சுவுக்கு ஊதுகொம்பு ஒன்று வாங்கியிருக்கிறேன். துறைமுகத்தில் என் நண்பனின் படகு இருக்கிறது. அதே நேரத்தில் அவன் சங்கை ஊதுவான். அவாஜித் தீவில் உள்ளவர்களுக்கும் நடுவில் நிற்பது யார் என்று தெரிந்துவிடும்.

உத்தரவு மட்டும் கொடு.

வணக்கத்துடன்,
சத்தத்தின் சக்கரவர்த்தி,
மாமா


ஒசாகா
ஜூன் 22

மாமா,

பருவ விசாரிப்புகளைத் தவிர்க்கிறேன்.

கொம்பு வேண்டாம். சங்கு வேண்டாம். என் பெயரும் வேண்டாம்.

உங்களுக்குப் புரியாது என்று நினைத்துத்தான் இதை முன்பே சொல்லவில்லை. பள்ளி நாட்களில் கோடை விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வருவேன் அல்லவா? நூல் கண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நாற்பத்திரண்டு தறியின் சத்தத்தில் நான் நினைப்பதே எனக்குக் கேட்காது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் மெயின் சுவிட்சை இறக்குவீர்கள். எல்லாம் ஒன்றாக நிற்கும். காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். காதுக்குள் ஏதோ திறந்த மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் இருந்தால் எதுவோ கேட்டுவிடும் என்று தோன்றும்.

உடனே நீங்கள் "சோறு!" என்று கத்துவீர்கள்.

எட்டுக் கோடை. ஒரு நாள்கூட நான்கு தட்டு முழுதாகக் கிடைத்ததில்லை. அதைத்தான் பாட்டில் வைத்தேன். அங்கேயும் நீங்கள் வந்து கத்தினீர்கள்.

குற்றம் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

எல்லோருடைய கருத்தையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கருத்து மட்டும் கடைவாய்ப் பல்லோடு நின்றுவிட்டது. பாட்டை நீங்கள் உட்கார்ந்து ஒருமுறையாவது கேட்டீர்களா?

கோபேக்கு நீங்கள் வர வேண்டாம். செரா வரட்டும். நீங்கள் வேண்டாம். உள்ளே விட வேண்டாம் என்று கதவில் உங்கள் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அவசரமாக,
சயோரி


இமாபாரி
ஜூலை 2

சயோரிக்கு,

மழை பெய்கிறது. சாதாரண மழை.

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான்காம் நாள் பன்னிரண்டு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கினேன். கத்தக் கூடாது என்று உறுதியோடு நின்றேன். ஒன்று, இரண்டு என்று மனதில் எண்ணினேன். இரண்டில் என் வாய் தானாக "சோ" வரை போய்விட்டது. யோரிமித்சு கையை உயர்த்தி அறிவித்தான்: "ஒண்ணரை. வர்ற ஒலிம்பிக்ஸ்ல உனக்கு இடம் இல்லை."

மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் ஒன்று, பின்னடைவு. நாற்பது வருடம் தறிக்கு மேல் குரல் எழுப்பிப் பழகிய தொண்டை இது. சத்தம் நின்றவுடன் அங்கே ஒரு பள்ளம் விழுந்த மாதிரி, எதையாவது போட்டு மூடாவிட்டால் யாராவது விழுந்துவிடுவார்கள் என்ற பதற்றம் வருகிறது. செராவுக்கும் இதேதான். தன் டாக்ஸியில் பாட்டைப் போட்டுப் பழகுகிறாராம். பாட்டு நின்றதும் இவர் கத்த, பின்னால் இருந்த கிழவி காசைக் கொடுத்துவிட்டுச் சிவப்பு விளக்கில் இறங்கி ஓடிவிட்டாளாம்.

பயிற்சியின் ஐந்தாம் நாள் உன் அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் கழுத்தில் கிடந்த துண்டின் மூலையைப் பிடித்து என் வாயில் திணித்தாள். "கடிச்சுக்கிட்டு நில்லுங்க. சோறு எங்கேயும் ஓடிப்போகாது."

நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பஞ்சுத் தூசி தெரிந்தது. இத்தனை வருடம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

துண்டை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உன் நிகழ்ச்சிக்கு நெய்ததில் மீந்த ஒன்று. என் பல் பதிந்திருந்த இடம் வலது கீழ் மூலை. அதில்தான் குட்டி எழுத்தில் "அய்தா" இருக்கிறது. ஈரத்தில் அந்த எழுத்தைப் படிக்கவே முடியவில்லை.

சயோரி, அந்தத் துண்டு அறுநூறு பேரிடம் இருக்கிறது. திரும்ப வாங்க முடியாது. ஆனால் கோபேக்கு எல்லோரும் அதைத்தான் கழுத்தில் போட்டுக்கொண்டு வருவார்கள். பாட்டு நிற்கும் இடத்தில், அந்த மூலையைக் கடிக்கச் சொன்னால் போதும். பெயரும் வாய்க்குள் போய்விடும், வாயும் மூடிவிடும். இந்த யோசனைக்கு உரிமையாளர் உன் அத்தை. தவறுக்கு மட்டுமே நான்.

செராவிடம் சொன்னேன். நான்கு நாளில் கோபே வரும் அத்தனை பேருக்கும் சொல்லிவிடுவாராம். மேனேஜர் அனுமதி வேண்டும். உன் அனுமதியும்.

நான் வரவில்லை. கதவுக்காரரைச் சிரமப்படுத்த மாட்டேன்.

மாமா


ஒசாகா
ஜூலை 6
(தபாலட்டை)

பருவ விசாரிப்புகளைத் தவிர்க்கிறேன். மேனேஜரிடம் சொன்னேன். "கடிக்கிறதா?" என்றார். இரண்டு முறை கேட்டார். பிறகு "செலவில்லையே, கடிக்கட்டும்" என்றார். வலது கீழ் மூலை என்று செராவிடம் உறுதி செய்யுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது. இந்தக் குழப்பம் மறுபடி வேண்டாம்.

சயோரி


இமாபாரி
ஜூலை 20

சயோரிக்கு,

நேற்று கோபே. என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. செரா இரண்டு முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. உன் வாயால் முதலில் கேட்க வேண்டும், அல்லது உன் கையெழுத்தில்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, தொழிற்கூடத்துக்கு விடுமுறை. நிகழ்ச்சி இரண்டரைக்கு. உன் பாட்டு ஐந்தாவது என்றால், பேச்சு, சிரிப்பு, தண்ணீர் குடிப்பது எல்லாம் கூட்டி, மூன்று மணிக்குச் சற்று முன் வரும் என்று கணக்கிட்டேன். ஓடாத தறியை நிறுத்த முடியாதே. அதனால் பதினேழாம் எண் தறியை மட்டும் ஓட்டினேன், நிறுத்துவதற்காக. பாவு நூல்கூட ஏற்றவில்லை. காற்றை நெய்துகொண்டிருந்தது.

உன் அத்தை குடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, ஞாயித்துக்கிழமையும்?"

"கோபே நிகழ்ச்சி."

"அது கோபேல நடக்குது."

"இங்கேயும் நடக்குது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை. நூல் கண்டுப் பெட்டியில் உட்கார்ந்தாள். இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டேன். நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து. பாட்டு நிற்கும் இடத்தில் தறியையும் நிறுத்தினேன். இருவரும் ஒரே துண்டின் இரண்டு மூலையைக் கடித்துக்கொண்டோம். அத்தையின் மூலையில் எழுத்து எதுவும் இல்லை. இருந்தாலும் கடித்தாள்.

பிறகு உன் குரல் வந்தது. செரா சொன்ன கரகரப்பு. "கதவு மூடுவதற்குள் ஒரு மூச்சு" என்று பாடுகிறாயே, அந்த இடத்தில். நான் இதுவரை அதைக் கேட்டதே இல்லை. அந்த நேரம் முழுவதும் நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், அல்லது என் பல்லைப் பற்றிச் சொல்ல வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் கருத்தைக் கேட்டிருந்தாய். நல்ல பாட்டு. இதில் மிகை எதுவும் இல்லை.

மாமா


ஒசாகா
ஜூலை 23

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மழை விலகிவிட்டது. சில்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. என் அறை ஜன்னலில் ஒன்று உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து மூச்சு விடாமல் கத்துகிறது. உங்களை நினைத்துக்கொண்டேன். இந்தக் கடும் வெயிலில் தாங்களும் அத்தையும் நலமா? பதினேழாம் எண் தறி நலமா?

கோபே.

வந்தவர்கள் நானூற்றுப் பத்து. எல்லோர் கழுத்திலும் துண்டு. செரா வாசலிலேயே நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் "வலது, கீழ், வலது, கீழ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. ரெய்கா திரைக்குப் பின்னால் இருந்து பார்த்துவிட்டு வந்து, "உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?" என்றாள். "ஒருத்தர்தான். ஆனா பரவும்" என்றேன்.

பாட்டு நின்றது. நானூற்றுப் பத்துப் பேர் துண்டைக் கடித்தார்கள். பார்க்க அழகாக இல்லை, மாமா. செராவுக்குப் பொய்ப்பல் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரின் துண்டைக் கடித்துவிட்டார். ஆனால் சத்தம் இல்லை. குளிரூட்டி இயந்திரம் ஓடுவது கேட்டது. யாருடைய கைக்கடிகாரமோ கேட்டது. என் மூச்சு கேட்டது. எட்டுக் கோடையாக நான் கேட்க நினைத்தது இதுதானா என்று யோசித்தேன். இதுவும்தான், ஆனால் இது மட்டும் இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் பாட வேண்டிய இடம்.

நான் பாடவில்லை.

மறக்கவில்லை. வரிகள் நாக்கிலேயே இருந்தன. நான் காத்துக்கொண்டிருந்தேன். நான்கு முடிந்ததும் "சோறு!" என்று வரும், அதற்குப் பிறகுதான் நான் எழுந்திருக்க வேண்டும் என்று என் உடம்புக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வரவில்லை. கதவில் உங்கள் பெயரைக் கொடுத்து வைத்தது நான்தானே. முழுதாக ஒரு தட்டு தாமதமாகப் பாடினேன். கிட்டார்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் தாமதமாக வந்தார்.

இரண்டாம் முறை பாட்டு நின்றபோது தயாராக இருந்தேன். மறுபடியும் அதே மாதிரி ஆனது.

இறங்கி வந்ததும் மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "அந்த லேட்டு," என்றார். "யார் யோசனை?" நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன். "நாலுல எல்லாரும் பாட்டு வரும்னு நினைக்கறாங்க. வரலை. அப்போ நானே உள்ள இழுத்த மூச்சை விட மறந்துட்டேன். அப்படியே வெச்சுக்கோ. இனிமே அஞ்சு தட்டு." அதைச் சொல்லும்போதும் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரிடம் பிடிக்காத விஷயம் அது ஒன்றுதான்.

வருடக் கடைசி வரை நடுவில் நான்தான். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். ரெய்கா வாழ்த்து சொன்னாள். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம், அதை மறைக்கவும் இல்லை. அதனால் அவளைப் பிடிக்கிறது.

அக்டோபர் 11, மட்சுயாமாவில் நிகழ்ச்சி. உங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கதவில் உங்கள் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை உள்ளே விடுவதற்காக. அத்தையையும் கூட்டி வாருங்கள், மூலையைக் கடிக்க. நான்கு தட்டும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஐந்தாவது தட்டு உங்களுக்கு.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே போடுங்கள். கடிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது.

உங்கள் கருத்து கிடைத்தது. வைத்துக்கொண்டேன்.

தாழ்மையுடன்,
சயோரி


இமாபாரி
ஜூலை 28
(தபாலட்டை)

—

—

—

—

சோறு!